தூக்கலான காந்தாரம்

நடுவிரலால் ஒன்று, ஆள்காட்டி விரலால் மூன்று, மறுபடியும் நடுவிரலால் ஒன்று. பஞ்சமம், ஷட்ஜம், ஷட்ஜம், கீழ் ஷட்ஜம். நாலே தந்தி, இரண்டே ஸ்வரம், இதில் தப்புப் பண்ண என்ன இருக்கிறது, அவசரப்படாதே, தூங்கிவிடாதே, பியூலா, நீ இப்போது ஆள் இல்லை, தம்புரா போடுகிற கை மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கை சொன்னபடி கேட்கிறது, மனசுதான் மாட்டேன் என்கிறது. எனக்கு முன்னால் ஜமுக்காளத்தில் கமலவேணி உட்கார்ந்திருக்கிறாள், முகம் தெரியவில்லை, பின்னலும் ரவிக்கை முதுகில் வியர்த்த வட்டமும்தான் தெரிகின்றன. அவளுக்கு எதிரே மேசை. மேசைக்குப் பின்னால் எங்கள் துறைத் தலைவர் தங்கமுத்து சார், அவர் பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் சுகந்தி மேடம். காலையிலிருந்து ஒன்பது பேர் பாடிவிட்டு வெளியே போய் அந்த மேடத்தைப் பற்றி ஒன்பது விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், சிரித்தார், முறைத்தார், தலையாட்டினார், தூங்கினார் என்று. எம்.ஏ. இசை, கடைசி பிராக்டிகல். எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மின்சாரச் சுருதிப் பெட்டி தேர்வு ஹாலுக்குள் வரக் கூடாது, பாடுகிறவருக்கு அடுத்த நம்பர்காரர் பின்னால் உட்கார்ந்து தம்புரா போட வேண்டும். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தாரோ. தூக்குக் கைதியைக் கூப்பிட்டு, முன்னால் போகிறவனுக்குக் கொஞ்சம் கயிறு பிடி என்று சொல்வது மாதிரி. சத்தம் வரும் என்று மின்விசிறியை வேறு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வலது தொடையில் தம்புராவின் குடம் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துவிட்டது, பாட எழுந்திருக்கும்போது தடுமாறி விழுந்தால் அதற்கும் மார்க் குறைப்பார்களோ என்னவோ.

போன வருஷம் குறைத்தது அதற்கில்லை. சுருதி சுத்தம், முப்பதுக்குப் பதினொன்று. மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க், தாளத்தில் முழு மார்க், தியரியில் நான்தான் முதல், ஆனால் சுருதி சுத்தத்தில் பாதிகூட வாங்காதவளுக்கு இசையில் முதுகலைப் பட்டம் எதற்கு என்று விதிமுறை கேட்கிறது, விதிமுறை கேட்பதும் நியாயம்தான். அதனால் அரியர், அதனால் கடைசி நம்பர், அதனால் எனக்கு ஒரு வருஷம் ஜூனியரான கமலவேணிக்குப் பின்னால் இன்று இந்த உட்காரல். இந்த முறையும் போனால் அடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறுகிறது, முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுத வேண்டும், அதற்கு எனக்குத் தெம்பு இல்லை, உண்மையாகவே இல்லை. எங்கே போயிற்று அந்தப் பத்தொன்பது மார்க் என்று போய்க் கேட்டபோது தங்கமுத்து சார் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "காந்தாரம் தூக்கல்மா." அதாவது ஸ, ரி, க என்று ஏறும்போது மூன்றாவதாக வருகிற அந்த க, அது என் தொண்டையில் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு நூல் மேலே நிற்கிறதாம். ஒரே ஒரு நூல். கமலவேணியும் நானும் ஒரே அறையில்தான் இருக்கிறோம், காலையில் நான் சாதகம் பண்ணும்போது பல் தேய்த்துக்கொண்டே அவள் சொல்வாள், "உங்க காந்தாரம் ஹை ஹீல்ஸ் போட்டிருக்குக்கா." நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு, எந்த ஹீல்ஸ், எங்கே, எனக்கு வெறுங்காலாகத்தானே தெரிகிறது என்று கலங்குவேன். தப்பாகப் பாடுவதுகூடப் பெரிய விஷயமில்லை, தப்பு என் காதுக்குக் கேட்கவே மாட்டேன் என்கிறதே, அதுதான் பயம். கேட்காத தப்பை எப்படித் திருத்துவது, யாரிடம் போய்க் கேட்பது?

கமலவேணிக்குக் காம்போதி ராகம் வந்திருக்கிறது, அவளுக்கென்ன. அப்பா நாதஸ்வரம், சித்தப்பா நாதஸ்வரம், மயிலாடுதுறைப் பக்கம், தொட்டிலில் கிடந்தபோதே காம்போதி கேட்டவள். பாடு, பாடு, நான் பொறாமைப்படவில்லை, படுகிறேன், கொஞ்சம் படுகிறேன், ஆனால் அதைவிட அதிகமாக வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறேன். ஏறிப் போய் மேலே ஒரு இடத்தில் நின்று, அங்கேயே யோசிக்கிறாள், யோசிப்பது முதுகில் தெரிகிறது, தோள்பட்டை ரெண்டும் லேசாகப் பின்னுக்கு வருகின்றன, பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு பக்கமாக இறங்குகிறாள். நேற்று வரை என் சோப்பை எடுத்துத் தேய்த்துவிட்டு இல்லை என்று சாதித்த பெண். இந்தப் பெண்ணுக்குள் இது எங்கே இருந்தது? என் தொட்டிலில் காம்போதி கேட்கவில்லை. என் தொட்டில் கட்டியிருந்தது கால் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில். அப்பா எங்கள் ஊர் வேதக்கோயிலில் பாடகர் குழு நடத்துகிறார், முதலில் ஆர்மோனியம், பிறகு சபையார் சேர்ந்து வாங்கிக் கொடுத்த கீபோர்டு. க என்ற ஸ்வரத்தை எனக்குத் தெரியும் முன்பே அதன் மேற்கத்தியப் பேரான 'மி'யைத் தெரியும். மூன்று வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து அந்த வெள்ளைக் கட்டையை அமுக்கி, அது சொன்னதையே திருப்பிச் சொன்னேன். "ஏட்டி, கட்டையக் கேளு, கட்ட என்ன சொல்லுதோ அதச் சொல்லு" என்பார் அப்பா, நான் சொல்வேன், அவர் என் தலையில் முத்தம் கொடுப்பார். எத்தனை ஆயிரம் முத்தம் அந்த மி-க்கு.

தியரிக்காரி என்பதால் எனக்கு விஷயம் தெரியும், தெரிந்துதான் என்ன பிரயோசனம். ஒரே கட்டைகளை வைத்துக்கொண்டு எந்தச் சுருதியிலும் வாசிக்க வேண்டும் என்பதற்காக, கீபோர்டு செய்கிறவர்கள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறார்கள், எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது மாதிரி. அதில் காந்தாரம் ஒரு நூல் உயரம். அதே நூல். அதைப் படித்த அன்றைக்கு அப்பாவுக்குப் போன் போட்டேன், "என்னட்டி, ரிசல்ட் வந்துட்டா?" என்றார், நான் "காய்ச்சல்ப்பா, அன்னைக்குச் சரியாப் பாடல, ஒண்ணுல போயிட்டு" என்று சொல்லிவிட்டேன். பொய். என்னவென்று சொல்வேன்? நீங்கள் முத்தம் கொடுத்த ஸ்வரத்தில்தான் ஃபெயில் ஆனேன் என்றா? போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நின்று, மகள் பரீட்சை எழுதுகிறாள், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். முந்நூறு பேர் முழங்கால் போட்டு என் காந்தாரத்துக்காக ஜெபித்திருக்கிறார்கள், இன்னதற்காக ஜெபிக்கிறோம் என்று தெரியாமலே. நடுவிரல், ஆள்காட்டி விரல், விரல் வியர்க்கிறது, தந்தி வழுக்குகிறது. கவனம். இந்தத் தந்திகளுக்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுப் பருத்தி நூல் இருக்கிறது, ஜீவா என்பார்கள், காலையில் நான்தான் அதை நகர்த்தி நகர்த்திச் சேர்த்தேன். அரை அரிசி தூரம் இந்தப் பக்கம் வந்தால் தம்புராவின் பலா மரம் வெறும் மரம், அந்தப் பக்கம் போனால் உறுமுகிறது, நடுவில் ஓரிடத்தில் வைத்தால் மரம் முழுக்க விழித்துக்கொள்கிறது. தையல்காரர் தரையில் கிடக்கிற நூல்தான் அது. அதற்கு ஜீவா என்று பேர் வைத்தவர் சும்மா வைத்திருக்க மாட்டார் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும், அப்புறம் மறந்துவிடும்.

கமலவேணி ஒரு நீளமான காந்தாரத்தில் நின்றுவிட்டு நிறுத்துகிறாள். சுகந்தி மேடம் குனிந்து ஏதோ எழுதுகிறார். கொஞ்சம் இரு, என்று இடது கையால் காட்டுகிறார். நான் நிறுத்தவில்லை, பாட்டு நின்றாலும் தம்புரா நிற்கக் கூடாது என்பது பாடம். பஞ்சமம், ஷட்ஜம், ஷட்ஜம், கீழ் ஷட்ஜம். கமலவேணி இன்னும் அந்தக் காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், மெல்லிசாக, வாயை மூடி முனகுவது மாதிரி. என்ன பெண் இவள், மேடம் எழுதும்போதுகூடவா, மார்க் போடட்டும் சும்மா இரு, என்று மனசுக்குள் திட்டுகிறேன். அவள் பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கிறாள். மூடியைத் திருகுகிறாள். அண்ணாந்து குடிக்கிறாள், தொண்டை ஏறி இறங்குவது பக்கவாட்டில் எனக்குத் தெரிகிறது, மடக் மடக் என்று. காந்தாரம் நிற்கவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே எப்படிப் பாடுவாள்? வெளியே வராந்தாவில் யாராவது? இல்லை, கதவு சாத்தியிருக்கிறது, சத்தம் அங்கிருந்து வரவில்லை. இங்கேதான், என் வலது காதை ஒட்டி நிற்கிற தம்புராத் தண்டிக்குள், இல்லை, தண்டிக்கு வெளியே ஒரு சாண் தள்ளி, காற்றில், யாரோ ஒரு ஆள் க என்று நின்றுகொண்டிருக்கிறார். கீழ் ஷட்ஜத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் அந்த ஆள் எழுந்து நிற்கிறார், அது அடங்கும்போது உட்காருகிறார். நான் மீட்டுவது பஞ்சமமும் ஷட்ஜமும்தான். இந்த மரத்தில் காந்தாரத்துக்குத் தந்தியே கிடையாது.

அடக் கடவுளே. இதைத்தானே ஐந்து மார்க் கேள்வி என்று ஒவ்வொரு செமஸ்டரும் எழுதினேன். தம்புராவின் கீழ் ஷட்ஜத் தந்தியிலிருந்து காந்தாரம் தானாகவே தோன்றும், இதனைச் சுயம்பு காந்தாரம் என்பர். அடிக்கோடு போட்டு எழுதி ஐந்துக்கு ஐந்து. வகுப்பில் தங்கமுத்து சார் தம்புராவைப் போட்டுவிட்டு "கேக்குதா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டபோது எல்லாரும் கேக்குது சார் என்றார்கள், நானும் கேக்குது சார் என்றேன். கேட்கவில்லை. ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லாரும் என்னைப் போலவே புளுகுகிறார்கள், பெரியவர்கள் எழுதி வைத்ததால் மரியாதைக்குத் தலையாட்டுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது புரிகிறது, கேட்காமல் இருந்ததற்குக் காரணம் புரிகிறது, நான் அதைத் தேடியது வேறு இடத்தில். என் மி இருக்கிற இடத்தில் போய் நின்றுகொண்டு, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அது பாட்டுக்கு ஒரு நூல் கீழே நின்று இத்தனை காலமும் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. கமலவேணி வந்து அதன் மேலேயே தன் குரலை வைத்துக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டாள், குரல் போன பிறகும் அது அங்கேயே இருக்கிறது. எத்தனை தணிவு. இவ்வளவு தணிவாகவா இருக்கும் காந்தாரம்? முதலில் சோகமாகக்கூடத் தோன்றுகிறது, அப்புறம் சோகம் இல்லை, ஓய்வு, நாள் முழுக்க நின்ற ஆள் உட்கார்ந்த மாதிரி. என் கழுத்தெலும்பு அதிர்கிறது. மயிர்க்கால் எல்லாம் எழுந்து நிற்கின்றன. யாரும் மீட்டவில்லை, யாரும் பாடவில்லை, மனுஷர் தேர்வு செய்யாத ஒரு ஸ்வரம், பரீட்சை ஹாலில், நாலு பேருக்கு நடுவில், தன் பாட்டுக்கு இருக்கிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை.

இல்லை, ஒரு நாள் கேட்டிருக்கிறேன். எப்படி மறந்தேன்? பத்தாம் வகுப்பு, புனித வெள்ளி, மும்மணி நேர ஆராதனை, பங்குனி வெயிலில் கோயில் ஓடு கொதிக்கிறது. பாட்டின் நடுவில் கரண்டு போனது, மின்விசிறியும் கீபோர்டும் ஒன்றாக நின்றன, அப்பா நிறுத்தாதீர்கள் என்று கையைத் தூக்கினார், நாங்கள் வெறுங்குரலில் பாடினோம். கடைசிச் சொல்லை நீட்டி நின்றபோது பெண்கள் மேலே, ஆண்கள் கீழே, நடுவில் காந்தாரத்தில் நாங்கள் நாலு பேர். பாடப் பாட நாங்கள் நாலு பேரும் எங்கேயோ இறங்கி உட்கார்ந்தோம், வேண்டும் என்று இறங்கவில்லை, காற்றே கீழே வா என்று இழுத்துக்கொண்டது. உடனே மேலே கூரைப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. எங்களில் யாருடையதும் இல்லாத குரல். பக்கத்தில் நின்ற ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை சில்லிட்டிருந்தது, முன்வரிசையில் ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்தார். அப்போது கரண்டு வந்தது. அப்பா கீபோர்டில் கை வைத்தார், எங்கள் குரல் அதோடு உரசியது, முகத்தைச் சுளித்தார். ஆராதனை முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டு, "ஏட்டி, எல்லாவளும் எறங்கிட்டிய. என்னத்தப் பாடுதிய? கட்டையக் கேட்டுப் பாடுங்க" என்றார். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். ஐயோ, மன்னிப்புக் கேட்டோம். அடுத்த வாரம் ஒழுங்காக ஏறிப் பாடினோம், அந்தக் குரல் வரவில்லை, அன்றைக்கு ஏறியவள்தான் நான், இன்னும் இறங்கவில்லை. அப்பா மேல் கோபம் வருகிறதா என்று தேடிப் பார்க்கிறேன், வரவில்லை, பாவமாக இருக்கிறது, பாசமாக இருக்கிறது. அவர் கையில் கிடைத்தது கட்டை, அதை உயிராக நம்பினார். அவருக்கு யாரும் ஒரு தம்புராவைக் கொடுத்து, கொஞ்சம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள் என்று சொல்லவில்லை. முந்நூறு பேரைப் பாட வைத்தவர், கரண்டு போன அந்த நாலு நிமிஷத்தில் தன் கையாலேயே இதை எங்களுக்குத் திறந்துவிட்டவர், திறந்தது தெரியாமல் மூடிவிட்டார். வீட்டுக்குப் போய் அவரிடம் காய்ச்சல் இல்லை என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் சொல்ல வேண்டும்.

கமலவேணி முடித்துவிட்டாள் போல. எழுந்து கும்பிடுகிறாள். என் கை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறது. "அடுத்து பியூலா" என்கிறார் தங்கமுத்து சார், தெரியாத ஊரின் பேரைப் படிப்பது போல. காலை நகர்த்துகிறேன், ஊசி குத்துகிறது, எழுந்திருக்காமல் அப்படியே ஜமுக்காளத்தில் தம்புராவோடு முன்னால் நகர்ந்து உட்காருகிறேன், மரியாதை இல்லைதான், விழுவதைவிட மேல்.

"தம்புராவுக்கு ஆள் இல்லையா?" என்கிறார் சுகந்தி மேடம்.

"இதுதான் மேடம் கடைசி நம்பர்" என்கிறார் சார்.

"நான் போடறேன் மேடம்" என்கிறாள் கமலவேணி, கதவுப் பக்கம் போனவள் திரும்பி நின்று.

"வேணாம், நீ இப்பதான் பாடி முடிச்ச. பியூலா, நீயே போட்டுக்கிட்டுப் பாடும்மா. ராகம் சார் சொல்லட்டும்."

தோடி சொல்லலாம், பைரவி சொல்லலாம், காந்தாரம் ஊஞ்சலாடுகிற ராகங்கள், ஆடுகிற ஸ்வரத்துக்கு இடம் எது என்று அவ்வளவு எளிதில் பிடிக்க முடியாது, ஒளிந்துகொள்ளலாம். தங்கமுத்து சார் என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார், "சங்கராபரணம்." அதில் காந்தாரம் அசையாமல் நிற்கும், நின்றே ஆக வேண்டும், நடு முற்றத்தில் வெட்டவெளிச்சத்தில். பழி வாங்குகிறாரா, வழி விடுகிறாரா, தெரியவில்லை. நான் தம்புராவைப் போடுகிறேன். ஸ. நன்றாக வருகிறது. ரி. க, என்று தொண்டை பழகிய இடத்துக்கு ஓடிப் போய் நிற்கிறது, நின்றதும் முதல் தடவையாக, வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்குக் கேட்கிறது. என் குரலும் அந்தக் குரலும் ஒன்றையொன்று உரசி, காற்று வவ்வவ்வவ் என்று நடுங்குகிறது. இதுவா? இதையா இத்தனை பேரும் கேட்டார்கள், காலையில் பல் தேய்க்கும்போது கமலவேணி கேட்டது இதையா? கூச்சத்தில் உடம்பு எரிகிறது. விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம், தேர்வில் அதுதான் புத்திசாலித்தனம், தப்பை யாரும் பார்க்காத மாதிரி மூடிவிடுவது. நான் விடவில்லை. மூச்சு இருக்கிற வரைக்கும் என்று, எல்லார் முன்னாலும், கூசிக்கொண்டே இறக்குகிறேன். இறங்குவதற்கு இவ்வளவு பயம் இருக்கும் என்று தெரியாது, காலடியில் படி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பயம், அப்பாவின் கட்டையிலிருந்து விரலை எடுக்கிற பயம். நடுக்கம் மெதுவாகிறது. வவ், வவ், என்று அகலமாகிறது. இன்னும் கொஞ்சம். அலை ஒன்று வந்து, நீண்டு, திரும்பி வரவில்லை.

உடனே என் குரல் போய்விட்டது. தொண்டை அதிர்கிறது, மூச்சு போகிறது, வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. தம்புரா மட்டும் கேட்கிறது, ஹால் முழுக்கத் தம்புரா, என்னைக் காணோம். அடைத்துக்கொண்டது, போயிற்று, இந்த வருஷமும் போயிற்று என்று நிறுத்திவிடுகிறேன்.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்கிறார் சுகந்தி மேடம்.

"தொண்ட அடச்சிட்டு மேடம். கொரல் வரல. எனக்கு ஒண்ணுமே கேக்கல."

அவர் பேனாவைக் கீழே வைக்கிறார். தங்கமுத்து சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்கிறார். கதவருகே கமலவேணி, போக வேண்டியவள் போகாமல், தாவணி நுனியை வாயில் அழுத்திக்கொண்டு நிற்கிறாள், கண்ணில் தண்ணீர் ஓடுகிறது.

"எங்களுக்குக் கேட்டுச்சு" என்கிறார் மேடம். "சுருதியோட சேந்துட்டா பாடறவங்களுக்குக் கேக்காது. பாடு."

வாயைத் திறக்கிறேன். ஸ, ரி, அப்புறம் அந்த இடம். மறுபடியும் என் குரல் எனக்குக் கேட்கவில்லை. இந்தத் தடவை நான் நிறுத்தவில்லை.